மருந்தும் சிலுவையும்

முடக்குவாதம் என்னும் சொல் நற்செய்தியை வாசிப்போர்க்குப் பழகிய சொல். கூரையைப் பிரித்து நால்வர் இறக்கிய படுக்கையில் கிடந்தவரை நம் தமிழ் விவிலியம் அச்சொல்லால்தான் குறிக்கிறது. அவருடைய நோய் உடல் செயலிழந்த நோய். இன்று மருத்துவர்கள் முடக்குவாதம் என்று பெயரிடுவதோ வேறொன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்குவதால் விளைவது இது. மூட்டின் உட்சவ்வு வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா; ஒரு மணி நேரம் கழிந்தும் இறுக்கம் தளராது. மாவு பிசைந்த கை, மகளுக்குச் சடை பின்னிய கை, செபமாலை உருட்டிய கை, ஒரு குவளையைப் பிடிக்கவும் பிறர் துணையை நாடுகிறது.

நோய் இன்னதென்று உறுதியானதும் மருத்துவர் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. அதை வாங்கி வந்த இரவில்தான் பலருக்கு உள்ளப் போராட்டம் தொடங்குகிறது. 'இது புற்றுநோய் மருந்தாயிற்றே' என்கிறார் ஒருவர். 'ஈரல் கெட்டுவிடும், தொடங்கினால் விடவே முடியாது' என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். 'வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன், திருவிழா முடியட்டும்' என்று தள்ளிப்போடுகிறது ஒரு மனம். 'ஆண்டவர் தந்த சிலுவை, சுமந்துவிட்டுப் போகிறேன்' என்கிறது மற்றொரு மனம். மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது. மருந்தைத் தொடங்குவது நம்பிக்கைக் குறைவா? தொடங்காமலிருப்பது இறைத்திருவுளத்துக்குப் பணிவதா? நம் பங்குகளில் பலமுறை எழும் இவ்வினாவை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது.

முதலில் அச்சத்துக்கு அதற்குரிய மதிப்பை அளிப்போம். அச்சம் பாவமன்று, இங்கே அது காரணமற்றதும் அன்று. இம்மருந்து பெரும் அளவில் புற்றுநோய்க்குத் தரப்படுவது உண்மையே. முடக்குவாதத்துக்கு அதன் மிகச் சிறிய அளவே, வாரத்தில் ஒரே ஒரு நாள் தரப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே எந்தக் கிழமை என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் இதை உட்கொள்ளலாகாது. ஈரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மதுவைப் பெரிதும் தவிர்க்க வேண்டும். வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகளைக் குறைக்க ஃபோலிக் அமிலம் உடன் தரப்படுகிறது. இத்தனையும் செய்தாலும் பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம்.

ஆனால் தராசுக்குத் தட்டுகள் இரண்டு. மருந்தின் தீமையை ஒரு தட்டில் வைக்கும் நாம், மற்றத் தட்டை வெறுமையாக விட்டுவிடுகிறோம். நோயின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பலருக்கு எலும்பு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பை மருந்து மீட்டுத் தருவதில்லை. முதல் சில மாதங்களில் தொடங்கும் மருத்துவமே மிகுந்த பயன் தருகிறது. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1919இல் இறந்தபோது, நீண்ட காலமாகவே அவர் விரல்கள் கோணி முடங்கியிருந்தன. அவர் காலத்தில் நோயின் போக்கையே மாற்றும் மருந்து இல்லை. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்டிசோன் தந்தார். 1950இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்து விரைந்து வலியைத் தணிக்கும். நெடுங்காலம் உண்டால் எலும்பை மெலிவிக்கும். பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் வாதப் பொடிகள் சிலவற்றில் இவ்வின மருந்தே மறைவாகக் கலக்கப்படுகிறது. அந்தப் பொடியை அஞ்சாமல் விழுங்கிவிட்டு, மருத்துவர் வெளிப்படையாக எழுதித் தந்த மாத்திரைக்கு அஞ்சுவது என்ன நீதி? மருந்து உண்ணாதிருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் விளைவு உண்டு, அதற்கும் நாமே பொறுப்பு.

புனித அக்குவினா தோமையார் விவேகம் என்னும் நற்பண்பின் செயல்களை மூன்றாகப் பிரிக்கிறார்: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், செயல்படுமாறு தனக்கே கட்டளையிடுதல். மூன்றாவதே தலையாயது என்கிறார். இரண்டாம் மருத்துவரைக் கேட்பது ஆலோசனை. இரு தட்டுகளையும் நிறுத்துப் பார்ப்பது தீர்ப்பு. 'இந்த ஞாயிறு இரவு உணவுக்குப் பின் தொடங்குகிறேன்' என்பது கட்டளை. நம்மில் பலர் முதலாவதிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி, அதை விவேகம் என்று அழைத்துக்கொள்கிறோம்.

நம்பிக்கையின் வழி என்ன? சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் படைப்பாகவே காண்கிறது. நோயுற்றவர் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கற்பிக்கிறது. புனித பவுல் தம் தோழர் லூக்காவை மருத்துவர் என்றே அன்போடு குறிப்பிடுகிறார். தன்னால் இயன்ற வழி இருக்கையில் அதை விடுத்து இறையுதவியை மட்டும் எதிர்நோக்குவது கடவுளைச் சோதிப்பதாகும் என்பது தோமையாரின் படிப்பினை. புதுமைகளின் ஊராகிய லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று இயங்கி வருகிறது. எனவே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வோம், மாத்திரையையும் எடுத்துக்கொள்வோம். முடக்கத்தான் ரசமும் இருக்கட்டும். மருந்தின் இடத்தை மட்டும் அதற்குத் தர வேண்டா.

அப்படியானால் சிலுவை எங்கே? கெத்சமனியில் ஆண்டவரே கிண்ணம் அகல வேண்டுமென்று முதலில் மன்றாடினார். அதன் பின்னரே தந்தையின் திருவுளத்துக்குத் தம்மைக் கையளித்தார். துன்பம் நீங்கக் கேட்பது பணிவின்மை ஆகாது. வலி தணிக்கும் மருந்தை ஏற்பது தகும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளை 1984இல் விரித்துரைத்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அம்மடலின் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரிடம் நம்மை அழைத்துச் செல்கிறார். காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தவரே அங்கு நமக்கு முன்மாதிரி. மருந்து எடுத்த பிறகும் எஞ்சுவது உண்டு: பயன் தெரியும்வரை காத்திருத்தல், மாதந்தோறும் ஊசி முனையில் இரத்தம், சிலருக்கு ஒரு மருந்து ஒவ்வாமல் மற்றொன்றை நாடுதல், நேற்றுச் செய்த வேலையை இன்று பிறரிடம் கேட்டு வாங்குதல். அதுவே ஒப்புக்கொடுக்கத் தக்க சிலுவை. நாமே தேடி வருவித்துக்கொள்ளும் ஊனத்தைச் சிலுவை என்று அழைப்பது அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் குறை. முறையாக முயன்றும் ஒரு மருந்தைத் தாங்க இயலாதவர், மருத்துவரிடம் சொல்லி வேறு வழி தேடுவதில் எக்குற்றமும் இல்லை.

இறுதியாக, நலமாயிருக்கும் நமக்கும் ஒரு சொல். இந்நோயாளிகள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் நோயாளிகளாகத் தெரிவதில்லை. திருப்பலியில் முழந்தாளிடாமல் அமர்ந்திருக்கும் சகோதரியை நாம் திரும்பிப் பார்த்து எடைபோடுகிறோம். வீட்டிலோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்க அவரே வர வேண்டும் என்று காத்திருக்கிறோம். அந்த முடக்குவாதக்காரரைச் சுமந்தவர்கள் அவருக்கு அறிவுரை எதுவும் கூறியதாக நற்செய்தியில் இல்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். வழி அடைபட்டிருந்தபோது கூரையைத் திறந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே இயேசு பேசினார். மருத்துவமனைக்கு உடன் செல்லும் கணவன், கிழமையை நினைவூட்டும் மகள், சோதனைச் செலவில் பங்கேற்கும் அன்பியம், பயமுறுத்தாமல் வாய் மூடியிருக்கும் அண்டை வீட்டார் என்று நால்வர் போதும். அலமாரியில் கிடக்கும் அந்த மாத்திரை, நம்பிக்கையோடு உரியவரின் கைக்கு வந்துவிடும்.