மறக்கவிடாத வண்டியும் மறக்கவிடும் வண்டியும்

ஒரு பொருள் நம் கவனத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால், அது நம்மை மேலான மனிதர்களாக ஆக்குமா? யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் ஆமாம் என்பார்கள். ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதுதான் ஸ்ப்ளெண்டரின் வெற்றி.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இன்ஜின்தான். 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 98 சிசி, 11 குதிரைத்திறன். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, ஏழரைக்குப் பக்கம். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஸ்ப்ளெண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் ஆர்எக்ஸ் அப்படிச் சீறுகிறது. ஆனால் அதில் புதுப் பெட்ரோல் உள்ளே நுழையும்போதே புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே எண்ணெயும் எரியும். 1996-ல் புகை விதிகள் இறுகியபோது ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்றது.

ஆர்எக்ஸ்காரர் பிளக்கைத் துடைப்பார், சைலன்சர் கரியைச் சுரண்டுவார், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார். ராபர்ட் பிர்சிக் 1974-ல் எழுதிய மோட்டார் சைக்கிள் புத்தகம் இந்தக் கவனிப்பையே ஒரு வாழ்க்கைமுறையாகப் பார்த்தது. ஹீரோ ஹோண்டாவோ தன் சிடி 100 வண்டியை, பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்று சொல்லித்தான் விற்றது. ஸ்ப்ளெண்டர் அந்த வழியில் வந்த வண்டி.

முதலில் பார்த்தால் பிர்சிக் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிவிட்டு வாழும் வீடுகள் நிறைய உள்ள ஊர். ராத்திரி அத்தாவுக்கு நெஞ்சு வலித்தால், பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிற வண்டி வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜினோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. வண்டியை மறந்தால்தான் அத்தாவைக் கவனிக்க முடியும்.

ஆர்எக்ஸ்காரரின் கவனம் பொய்யில்லை. ஆனால் அது வண்டியோடு நின்றுவிடுகிறது. சத்தம் அவருக்கு இன்பம்; புகை பின்னால் சைக்கிளில் வருகிறவருக்கு. ஒன்றை ஆழ்ந்து நேசிப்பதும் அடுத்தவர்மேல் அக்கறை இருப்பதும் ஒன்றல்ல.

அதற்காக ஸ்ப்ளெண்டர்காரர் ஜெயித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்: சர்வர் ஒழுங்காக ஓடினால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யாருக்கும் ஞாபகம் வராது. ஒருவர் மறக்க முடிகிறது என்றால், அவருக்குப் பதிலாக வேறு யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார். கவனம் எங்கேயும் காணாமல் போவதில்லை, கை மாறுகிறது.

ஆகவே எந்த வண்டி உயர்ந்தது என்பதல்ல கேள்வி. ஆர்எக்ஸ் கேட்ட கவனத்தை ஸ்ப்ளெண்டர் நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதை இப்போது யாருக்குக் கொடுக்கிறோம்?