ஐடிஐ யாருடைய பிள்ளைக்கு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தால் எந்தக் கல்லூரி என்று எல்லோரும் கேட்கிறோம். கல்லூரிதான் வேண்டுமா என்று பிள்ளையிடம் கேட்பவர் அரிது. தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள். 2021-22 கணக்கில் நாட்டின் சராசரி 28 சதவீதம்தான். இது பெருமைக்குரிய சாதனை. ஆனாலும் கடன் வாங்கிப் பொறியியல் முடித்துவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் சொற்பச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஊர்தோறும் உண்டு. ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படிப்பையோ பாலிடெக்னிக்கையோ முதல் விருப்பமாகவே யோசித்திருக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படிச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953இல் அன்றைய முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி, கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும். குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரி. சாதி விதித்த வேலையிலிருந்து ஒரு குடும்பம் வெளியேற, பட்டத்தைப்போல் உதவியது வேறொன்றுமில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையிடம் போய், உனக்குப் பட்டறை போதும் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. குலக்கல்வியின் கொடுமை, பிறப்பே தொழிலை முடிவு செய்ததிலும் மேலே போகும் கதவை அடைத்ததிலும் இருந்தது. கைத்தொழில் கற்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆகவே எந்த மாற்றுவழியையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம்: தேர்ந்தெடுப்பது யார்? பிறகு மனம் மாறினால் படிக்கத் திரும்ப முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ மாணவருக்கும் உண்டு. ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞர் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை கற்றபடியே தொழிற்பள்ளிக்கும் போகிறார். அந்தத் தொழிலிலேயே மேற்பயிற்சி முடித்து மாஸ்டர் தகுதி பெற்றவருக்குப் பல்கலைக்கழகமும் திறந்திருக்கிறது. இங்கே 1961லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கற்க வந்தவரை மலிவான கூலியாளாக நடத்தும் வழக்கம் ஒழியாதவரை பெற்றோர் நம்பமாட்டார்கள்; நம்பவும் கூடாது.

முதல் கேள்வியில்தான் தோற்று நிற்கிறோம். மதிப்பெண் குறைந்தவர், பணம் இல்லாதவர் என்று பார்த்துத்தான் ஐடிஐயைக் கைகாட்டுகிறோம். டாக்டர்களும் பேராசிரியர்களும் அதிகாரிகளும் தங்கள் பிள்ளை விரும்பினால் அங்கே சேர்க்கட்டும். அதற்குப் பிறகு ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சிபாரிசு செய்யட்டும்.