பாரம் நீங்காதபோது



"நவநாள் செய்தேன், பூசை ஒப்புக்கொடுத்தேன். ஆயினும் கடன் தீரவில்லை, பிள்ளையின் வியாதியும் மாறவில்லை. பின் விசுவாசத்தால் என்ன பயன், சுவாமி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதை அவிசுவாசம் என்று தள்ளிவிடலாகாது. நியாயமான கேள்விக்கு நியாயமான விடை சொல்ல வேண்டும்.

நம் நாட்டு வேதசாட்சியாகிய அர்ச். தேவசகாயம் பிள்ளையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1712-ம் ஆண்டு நட்டாலத்தில் நீலகண்டனாய்ப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் வகித்தவர் அவர். குடும்பத்தில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து மனமுடைந்திருந்த வேளையில், யோபுவின் சரித்திரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னவர் டிலனாய் என்பவர். இவர் ஒல்லாந்தர் சேனையோடு வந்து, 1741-ம் ஆண்டு குளச்சல் யுத்தத்தில் தோற்று, மன்னர் கையில் சிறைப்பட்டவர். 1745-ல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவருடைய கஷ்டம் தீர்ந்ததா? இல்லை, பெருகிற்று. 1749-ல் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அடியும் அவமானமும் அனுபவித்தபின், 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசம் கஷ்ட நிவாரணம் மாத்திரமே என்றால், அவர் ஏமாந்து போனவர். ஆனால் திருச்சபை 2022 மே 15-ந் தேதி அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தது. தேவனுடைய சகாயம் என்ற அவர் பெயர் பொய்க்கவில்லை. அப்படியானால் அந்தச் சகாயம் எது?

திடம் என்னும் புண்ணியத்தை ஆராயுமிடத்தில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ், எதிர்த்துத் தாக்குவதைவிடத் தாங்கி நிற்பதே அதன் பிரதான செயல் என்று போதிக்கிறார். தாக்குகிறவன் தன்னைப் பலவான் என்று எண்ணித் தாக்குகிறான். தாங்குகிறவனோ தன்னிலும் பலமானதன் முன்னே, அதுவும் நெடுங்காலம் நிற்கிறான். ஆகவே நோயாளியின் கட்டிலருகே வருஷக்கணக்காய் விழித்திருக்கும் தாய் போர்வீரனுக்குக் குறைந்தவளல்ல.

இதனால் கஷ்டத்தை நீக்க முயல வேண்டாம் என்று பொருளல்ல. வைத்தியரிடம் போவதும், உழைத்த கூலியைக் கேட்பதும் நம் கடமை. நீக்கக்கூடிய துன்பத்துக்குச் சிலுவை என்று பெயரிட்டு, ஏழையின் தோளிலேயே அதை விட்டுவைப்பது பாவம். நம்மால் நீக்க முடியாததைக் குறித்தே இங்கே பேசுகிறோம்.

ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் பாத்திரம் அகலும்படி மன்றாடினார். பாத்திரம் அகலவில்லை. ஆனால் அவரைத் திடப்படுத்த ஒரு சம்மனசு வந்தார். நீலகண்டனிடம் வந்தவரோ சம்மனசு அல்ல, தோல்வியை அறிந்த ஒரு மனிதர். சர்வேசுரன் பலமுறை இவ்விதமே, துன்பப்பட்ட ஒருவரைக்கொண்டு துன்பப்படும் மற்றொருவரைத் தாங்குகிறார்.

ஆகையால் இந்த வாரம், "பாரத்தை எடுத்துவிடும்" என்பதோடு, "தாங்கப் பலம் தாரும்" என்றும் செபியுங்கள். செபித்து முடித்ததும், உங்களைப்போலவே பாரம் சுமக்கும் ஒருவருடைய வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர் கேட்டுக்கொண்ட சகாயம் நீங்களாகவே இருக்கக்கூடும்.