தலைநிமிர்ந்து விடைபெறு!

பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் ஒருதரம் ஊருக்குப் போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறாய். நல்லது, போ. ஆனால் ஏன் இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறாய்?

பையில் வேலை ஆணை இருக்கிறது. அடுத்த மாதம் பெங்களூரிலோ புனேயிலோ சேர வேண்டும். நாலு வருடம் ஹாஸ்டல் சோறு தின்று, அரியர் எழுதித் தேறி, நேர்முகத் தேர்வுகளில் நிராகரிக்கப்பட்டு, கடைசியில் முட்டி மோதி வாங்கிய ஆணை. அதை அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் உன் குரல் ஏன் கம்முகிறது? 'மூணு மாசத்துக்கு ஒருதடவை கட்டாயம் வந்துருவேம்மா' என்று, அவள் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறாய்?

பெற்றவர்களை விட்டுவிட்டுப் போகிறோமே என்று உள்ளுக்குள் ஒரு குரல் அரிக்கிறது. அந்தக் குரலை நம்பாதே! நீ விட்டுவிட்டுப் போகவில்லை, அவர்கள் உன்னை அனுப்பி வைக்கிறார்கள். அந்த முடிவை அவர்கள் எடுத்துப் பல வருடங்கள் ஆயிற்று. உனக்குத்தான் தகவல் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில் போய்ப் பார். திண்ணையில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையை அளவாக நறுக்கி, தூள் வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்தை முடிக்கப் பலருக்கு ஒரு முழுப் பகல் போதாது. பேச்சு நடக்கும், டிவி ஓடும், விரல் மட்டும் நிற்காது. அந்தத் தட்டுகளிலிருந்து எத்தனை பொறியாளர்கள், எத்தனை செவிலியர்கள், எத்தனை ஆசிரியர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள்! பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கொடுக்கும் உதவித்தொகைக்கு ஆதார் நகலும் பாஸ்புத்தக நகலும் எடுத்துக்கொண்டு உன் அம்மா அலைந்ததை நீ பார்த்திருப்பாய். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகைக்காக, அந்தச் சான்றிதழை வாங்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அப்பா வரிசையில் நின்றாரே, எதற்காக? படித்து முடித்ததும் நீ திரும்பி வந்து அதே திண்ணையில் உட்காருவதற்கா? எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே நீ வெளியூர் போவது முடிவாகிவிட்டது. அந்தக் கையெழுத்தை மதித்து நட!

1930-இல் சென்னையில் ஒரு வீட்டை நினைத்துப் பார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த 19 வயதுப் பையன். கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்துவிட்டது. அம்மாவோ கடுமையான நோயில் கிடக்கிறாள். இந்த நிலையில் கப்பலேறுவதா என்று பையன் தயங்குகிறான். போய்த்தான் ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவள் அந்த நோயாளித் தாய். பெயர் சீதாலட்சுமி. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவள். கதவைத் திறந்துகொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிற ஒரு பெண்ணின் கதை அது. வாசலைத் தாண்டுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினான் மகன். அந்தக் கப்பல் பயணத்தில்தான், ஒரு வெண்குறு விண்மீன் எவ்வளவு நிறை வரைக்கும் தாங்கும் என்ற கணக்கைப் போட்டான். இன்றைக்கு அதைச் சந்திரசேகர் வரம்பு என்கிறார்கள். ஏறக்குறைய சூரியனைப் போல் 1.4 மடங்கு. அடுத்த ஆண்டு, 1931-இல், அம்மா இறந்துபோனாள். மகன் இங்கிலாந்தில் இருந்தான்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் 1983-இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் வாங்கிய நோபல் பரிசில் கொண்டுபோய் முடித்துக் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அந்த முடிப்பு பிடிப்பதில்லை. பரிசு வந்ததால்தான் அந்தத் தாய் செய்தது சரியாயிற்றா? பரிசே வந்திருக்காவிட்டாலும் அவள் செய்தது சரிதான். மகன் எங்கோ ஒரு கல்லூரியில் சாதாரண வாத்தியாராக ஓய்வு பெற்றிருந்தாலும் சரிதான். ஏனென்றால், தன் நோயை மகன் காலில் கட்ட அவள் மறுத்தாள். உன் வீட்டில் இருப்பவளும் அதே உறுதியோடுதான் நிற்கிறாள். முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு நிற்பதால் உனக்கு அது தெரியவில்லை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூரம் போகிறவன் சில நேரம் கடைசி நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போகும். விமானம் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது, எல்லாம் இருந்தும் முடியாமல் போகும். அதற்காகத்தான் சொல்கிறேன், இந்தச் சில நாட்களும் அவர்களோடு முழுசாக இரு. 'எய்யா, இன்னும் ரெண்டு தோசை வச்சுக்கோ' என்றால் வைத்துக்கொள், டயட் பேசாதே. அப்பா பேச மாட்டார். சாயங்காலம் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு வந்து பொட்டலத்தை உன் பக்கம் தள்ளிவிட்டு, செய்தி பார்க்கிற பாவனையில் உட்கார்ந்திருப்பார். உன் பெட்டியின் ஜிப் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்காதபோது இழுத்துப் பார்ப்பார். நீயாகப் போய்ப் பக்கத்தில் உட்கார். ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்து நாலாக மடித்த இருநூறு ரூபாயை நீட்டினால், 'எனக்கெதுக்கு ஆச்சி, நானே சம்பாதிக்கப் போறேன்' என்று மறுத்துத் தொலைக்காதே. வாங்கிக்கொள். அவளுக்கு இருக்கிற பெருமையே அந்த இருநூறுதான். குலதெய்வம் கோவிலுக்குக் கூப்பிட்டால் போ. உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அங்கே யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை.

அழுகை வந்தால்? அழு! அழுதுவிட்டுப் போகிறவன் கோழை என்று எவன் சொன்னான்? அழுகைக்குப் பயந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே ஓடுகிறவன்தான் கோழை.

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் இங்கிலாந்துக்கு 'நெவாசா' கப்பலில் ஏறினார். அதற்கு முன்பே தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமி போய், கோட்டும் காலணியுமாக மாறிய தன்னை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கடல் கடந்தால் சாதிவிலக்கு என்றிருந்த காலம் அது. அங்கே போன பிறகு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனக்கசப்பு முற்றி, மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் கணவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. உலகமே வியந்த மூளை, குளிரில் தனியே சமைத்துச் சாப்பிட்டு, நோய்வாய்ப்பட்டு, 1919-இல் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் அடங்கிவிட்டது.

உனக்கு எந்த விலக்கும் இல்லை. பிறகு எதற்கு ஒளிக்கிறாய்? நகரத்தில் நீ மாறியிருக்கிறாய். பேச்சு மாறியிருக்கிறது, சாப்பாடு மாறியிருக்கிறது, சில நம்பிக்கைகள் உதிர்ந்திருக்கின்றன. ஊருக்கு வந்ததும் அத்தனையையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பழைய பையனாக நடிக்காதே. மாறிப்போன உன்னைப் பார்க்கிற தைரியம் அவர்களுக்கு உண்டு. காட்டுகிற தைரியத்தை நீ வரவழை.

முதலில் சம்பளத்தை உள்ளபடி சொல். ஆணையில் வருடத்துக்கு 4 லட்சம் என்று போட்டிருக்கும். அதற்குள் வருங்கால வைப்புநிதி, கிராஜுட்டி, காப்பீடு எல்லாம் அடக்கம். கைக்கு வருவது பெரும்பாலும் மாதம் முப்பதாயிரத்தைத் தொடாது. அதிலும் பெங்களூரில் தங்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு போய்விடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டு. இல்லாவிட்டால் தெருவில் அது மாதம் ஒரு லட்சமாக வளர்ந்து, தங்கச்சி கல்யாணத்துக்கும் மாமா வீட்டு மாடிக்கும் பங்கு பிரிக்கப்பட்டுவிடும்!

அடுத்தது கல்விக்கடன். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள். ஆனால் உன்னோடு சேர்ந்து அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நினைவிருக்கிறதா? படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் தூங்காமல் ஏறிக்கொண்டிருக்கும். வங்கி மேலாளரைப் பார்த்து இன்றைய தேதிக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு வா. நீ தவணை தவறினால் அடிபடுவது உன் கடன் மதிப்பெண் மட்டுமல்ல, அப்பாவுடையதும்தான். 'இனிமேல் இதை நீங்க பார்க்க வேண்டாம், நான் கட்டிக்கிறேன்' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபிறகு உன் முதுகு எப்படி நிமிர்கிறது பார்! வெறும் வருத்தம் யாருக்கும் சோறு போடாது. பொறுப்பு போடும்.

அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பார். அவசரத்துக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது என்று கேட்டு எண்ணை எழுதிக்கொள். ஊரைவிட்டுப் போகிறவன் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்டேட்டஸில் சோகப்பாட்டு வைப்பது வேலையல்ல!

'ஏலே, இனி எங்க நீ இந்தப் பக்கம் வரப்போற' என்று அத்தைமார் குத்துவார்கள். சிரித்துக்கொண்டே 'வருவேன் அத்தை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்.

தங்கையே, உன்னோடு தனியாகப் பேச வேண்டும். அண்ணனுக்கு விபூதி பூசி அனுப்புகிற அதே வீட்டில், உனக்கு மட்டும் 'பொம்பளப் பிள்ளை அவ்வளவு தூரத்தில் தனியா எப்படி' என்ற கேள்வி வரும். மாமா பையன் ஜாதகம் மேசைக்கு வரும். அதைக் கேட்டு ஒடுங்காதே, கத்தவும் செய்யாதே. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் முத்துலட்சுமி நுழைந்தபோது எழுந்த எதிர்ப்பைவிடப் பெரிதா இது? அவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-இல் டாக்டராக வெளியே வந்தார், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நீ எங்கே தங்கப் போகிறாய், வாடகை என்ன, அலுவலகம் எவ்வளவு தூரம், இரவு வண்டி உண்டா என்று தெளிவாகக் கணக்கோடு போய் உட்கார். சென்னைப் பக்கம் என்றால் வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி இருக்கிறது என்று சொல். முடிந்தால் அப்பாவையே கூட்டிப்போய் அறையைக் காட்டு. பயந்து கேட்பவர்களுக்குத் தகவல் கொடு. தடுப்பதற்கென்றே கேட்பவர்களிடம், சேர வேண்டிய தேதியைச் சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கு!

போகவே முடியாத நிலையிலும் சிலர் இருப்பீர்கள். பார்த்துக்கொள்ள வேறு ஆளே இல்லாத படுக்கை நோயாளி, விட்டால் போய்விடும் நிலம். அப்படியென்றால் இரு. ஆனால் முடிவெடுத்து இரு, பயந்து இருக்காதே. 'உங்களுக்காகத்தான் அந்த வேலையை விட்டேன்' என்று இருபது வருடம் கழித்து அவர்களைக் குத்திக் காட்டுவாய் என்றால், இப்போதே கிளம்பிப் போவது அவர்களுக்குச் செய்கிற புண்ணியம்.

கடைசியாக, பட்டமளிப்பு விழா. 'நாங்க எதுக்குப்பா அங்கெல்லாம், எங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, உடுத்த நல்ல சேலையும் இல்ல' என்பார்கள். கேட்காதே! வாடகைக் கறுப்பு அங்கியில் நீ மேடையேறும் அந்த அரங்கில், பீடித்தூள் மணக்கிற கைகள் தட்ட வேண்டும். கல்லூரி பெற்றோருக்கு எத்தனை இருக்கை கொடுக்கிறது என்று முதலில் விசாரி. இரண்டே இரண்டு என்றால், அந்த இரண்டும் நண்பர்களுக்கல்ல. முதல் வரிசைக்காரர்கள் முன்னால் அவர்களை நிறுத்தி, 'இவங்கதான் எங்க அம்மா, அப்பா' என்று சத்தமாகச் சொல். உன் துறைத் தலைவரிடமும் சொல்.

செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரும் பொதிகை ரயிலில் கீழ்ப் படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. இன்றைக்கே அவர்களுக்கு இரண்டு டிக்கெட் போடு.