திராட்சைத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும்

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என்றொரு பழைய ஆங்கிலத் திருச்சபைக் கட்டிடம் உண்டு. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றும், ஊவாவில் பாதைகள் அமைத்தவர் என்றும் அவரைப்பற்றிக் கூறுவர். அத்தகைய பாதைகளின் வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்று, நடந்த வழியிலேயே மடிந்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை எந்த ஏடும் முழுமையாகக் குறித்துவைக்கவில்லை. மலைநாட்டில் கிறிஸ்தவம் எந்தப் பாதையால் ஏறி வந்தது என்பதை நாம் இங்கிருந்தே விளங்கிக்கொள்ளத் தொடங்கலாம்.

1854இல் தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்வதற்கென ஓர் அமைப்புத் தோன்றியது. தோட்டத்துரைமாரின் பண உதவியும் அதற்குக் கிடைத்தது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். பெயரே போதும், விளக்கம் வேண்டியதில்லை. துரையின் மேசையில் உணவுண்டவர் லயத்துக்குச் சென்று என்ன போதிக்க முடியும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால் அது போதகர் மனத்தோடு நின்றுவிட்டது போலும்.

விவிலியத்தில் ஓர் உவமை உண்டு. திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரன் ஒருவன் விடியற்காலையில் ஆள் பிடிக்கச் சந்தைக்குப் போகிறான். நாட்கூலி பேசி அனுப்புகிறான். மறுபடியும் போகிறான், நண்பகலிலும் போகிறான், பொழுது சாயும் வேளையிலும் போகிறான். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறான். மாலையில் கணக்குத் தீர்க்கும்போது கடைசியாக வந்தவனுக்கும் முழு நாட்கூலி. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இந்த உவமையை ஊவாவின் ஒரு பிரட்டுக்களத்தில் வைத்துப் படித்துப் பார்ப்போம். தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்தை ஒரு பேர் என்பர். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் நில்லாவிட்டால் கிடைப்பது அரைப்பேர். மழை கொழுந்தைக் குறைத்ததோ, செடி கிழடானதோ, நிறைமாதக் கர்ப்பிணியின் கால்கள் மலைச்சரிவில் தளர்ந்தனவோ, தராசு அதைக் கேட்பதில்லை. அரைப்பேர் கண்டவளும் அடுப்பில் முழு உலைதான் வைக்க வேண்டியிருக்கிறது. ஆக, அரைப்பேரை நேருக்கு நேர் மறுக்கும் ஒரு கதை நூறாண்டுகளுக்கு மேலாக அந்த மலைகளில் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. மறுப்பு ஏன் கேட்கவில்லை? அந்தக் காசை மோட்சத்துக் காசாக மாற்றிப் பிரசங்கித்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் மனந்திரும்புபவனுக்கும் பரலோகம் உண்டு என்பது பொருளாயிற்று. கூலி, பசி, ஆள் பிடிக்கும் சந்தை எல்லாம் வெறும் திரைச்சீலையாயின.

சமயத்தை அபின் என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டு எழுந்துபோகும் பழக்கம் நம்மிடையே உண்டு. இவ்விடத்தில் அது போதாது. உவமை எழுப்பும் கேள்வி உண்மையான கேள்வி: கூலி என்பது உழைப்பின் அளவுக்கா, உயிர்வாழ்வின் தேவைக்கா? முணுமுணுத்தவர்களின் குரலும் நமக்குப் பழக்கமானதே. இவர்களை எங்களுக்குச் சமமாக்கினாயே என்பதுதான் அவர்களது குறை. தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்கு அதிற் குறைந்த சம்பளமும் இருந்த காலத்தில், அந்த வேறுபாட்டை இயற்கை என்று எண்ணியவர்கள் துரைமார் மட்டுமா? 1984இல் வேலைநிறுத்தத்தின் பின்னரே சம சம்பளம் வந்தது.

ஆனால் உவமையின் மறுபாதியை நாம் விழுங்க முடியாது. என் பொருளை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறான் அந்தச் சொந்தக்காரன். அவன் நல்லவன், ஐயமில்லை. எனினும் முழுக்கூலி அவனுடைய நல்ல மனத்தில் தொங்குகிறது. நாளை அவன் மகன் தோட்டத்துக்கு வந்தால்? நன்மை செய்பவன் விருப்பத்தில் நிற்கும் நன்மையை ஈகை எனலாம், நீதி எனல் ஆகாது. பெறுபவன் அதைக் கேட்டு வாங்கும் தகுதியுடையவனாய் இருக்கவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிடமிருந்து பறித்தது அந்தத் தகுதியையே. மறு ஆண்டில் வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கூறுபோட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். இவ்வளவு பெரிய கணக்கை எழுதியவர்கள் அந்த மக்களில் ஒருவரையும் பக்கத்தில் இருத்திக் கேட்கவில்லை.

திருச்சபையின் உள்ளேயே இக்கேள்வியைக் கேட்டவர்கள் தோன்றினர் என்பதை மறைத்தால் நாம் நேர்மையற்றவராவோம். 1959 முதல் கண்டி ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, வசதியும் மதிப்பும் மிக்க கண்டியை விட்டு, வறிய பதுளைக்கு முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். குருமாணவரை மதிலுக்குள் அடைத்துப் பயிற்றாமல், கிராமத்தவரோடும் தோட்டத்தவரோடும் வாழச்செய்து பயிற்றும் ஒரு முயற்சியைப் பண்டாரவளையில் சேவக செவன என்ற பெயரில் தொடங்கினார். அதே 1972இல் கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்தியோதய நிலையத்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைகளை ஆராயவும் எழுதவும் வழி செய்தார். 1973–74இல் மாவும் அரிசியும் அருகித் தோட்டங்களில் மக்கள் பசியால் மடிந்த காலத்தில், இத்தகையோரின் எழுத்துக்கு ஒரு தேவை இருந்தது.

ஆயர் ஒருவர் கண்டியிலிருந்து பதுளைக்கு வந்ததால் அரைப்பேர் முழுப்பேராயிற்றா என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். ஆகவில்லை. ஆனால் நாம் திருப்பிக் கேட்க ஒன்று உண்டு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சொந்தக்காரன் மாறினான், அரைப்பேர் மாறிற்றா? 1948இல் அந்த மக்களுக்காக வாதாடிய இடதுசாரித் தலைவர்களிற் சிலர், ஒப்பந்தம் எழுதிய அரசாங்கத்தில் 1964இல் அமைச்சர்களாய் அமர்ந்திருந்தனர். கல்லெறியும் உரிமை நம் கைக்கு முழுதாக இல்லை.

ஊவாவின் மறுகோடியில், புத்தலைக்கருகே, மைக்கேல் றொட்றிகோ என்ற குருவானவர் 1980 முதல் பௌத்தக் கிராமமொன்றில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். உரோமையிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். மதம் மாற்ற வந்தவரல்லர். கரும்புத் திட்டத்தால் நிலம் இழக்கும் அச்சத்திலிருந்த உழவரோடு நின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, திருப்பலி முடியும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈகை செய்பவரை எவரும் சுடுவதில்லை. அவருக்கு மாலை விழும்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கு குடியிருக்கலாகாது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. போவதற்குச் சொந்தமாய் ஒரு பேர்ச் காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? சரிந்தபின் கோயிலும் விகாரையும் ஆலயமும் பள்ளிவாசலும் உணவும் உடையும் சுமந்து வந்தன. அந்தக் கைகளை நாம் குறைகூற மாட்டோம். சரியுமுன் அவர்களுக்குக் காணி கேட்ட கைகள் எத்தனை என்பதே நம் கேள்வி.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் வந்தது. அதைத் தொடர்ந்து பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கு உயர்ந்தது. எட்டாதவளுக்கு மீண்டும் அரைப்பேர். திராட்சைத் தோட்டத்து உவமை கத்தோலிக்க ஆலயங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் மாத ஞாயிறொன்றில் வாசிக்கப்படுவது முறை. 2023இலும் வாசிக்கப்பட்டது. சனிக்கிழமை நிறுவைக்களத்தில் அரைப்பேர் போடப்பட்டு, மறுநாட் காலை பின்வரிசையில் முக்காட்டுடன் அமர்ந்து அதைக் கேட்ட கொழுந்துக்காரிக்கு, அந்தப் போதகர் என்ன பொருள் உரைத்திருப்பார்? அவள் எழுந்து பொருள் உரைக்க அங்கே இடம் இருந்திருக்குமா?