மனச்சோர்வு குற்றமா?



ஒருவர் வேலைக்குப் போகாமல், யாரோடும் பேசாமல், சோறு இறங்காமல் முடங்கிக் கிடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறி" என்கிறோம், அல்லது "மன உறுதி போதாது" என்கிறோம். அதே மனிதருக்கு இனிப்பு நீர் என்றால் மட்டும் நோயாளி என்று இரக்கப்படுகிறோம். இந்த இரண்டுக்கும் உடம்புக்குள்ளேயே உறவு உண்டென்றால், நம் தீர்ப்பு நியாயமாகுமா?

இன்சுலின் என்பது உடம்பில் சுரக்கும் ஒரு நீர். இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்படி சொல்வது அதன் வேலை. லாரி வந்து நின்றும் கடைப்பையன் கதவைத் திறக்காவிட்டால் சரக்கு தெருவில் குவியும். உள்ளே அலமாரி காலியாயிருக்கும். இன்சுலினின் சொல் எடுபடாத உடம்பும் இப்படித்தான்.

மூளையும் இன்சுலினுக்குச் செவி கொடுக்கும் உறுப்பே. 2015-ல் அமெரிக்காவின் ஜாஸ்லின் நீரிழிவு நிலையத்தார், மூளையில் அச்சொல் ஏறாதபடி செய்த எலிகளைச் சோதித்தார்கள். ஊக்கத்துக்கு வேண்டிய டோபமின் என்னும் பொருள் அவற்றின் மூளையில் விரைவாகச் சிதைந்தது. வயது ஏற ஏற அவை அஞ்சி ஒடுங்கின. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் 2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், நெதர்லாந்து மக்களைப் பற்றிய ஒன்பதாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, இன்சுலின் எடுபடாதவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். நீண்ட துயரம் சர்க்கரையை ஏற்றுவதும் உண்டு.

"அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. வேளைக்கு மருந்து சாப்பிடுவதும், நடப்பதும், டின் பாலைக் குறைப்பதும் அவர் கடமையே. ஆனால் கடமையைச் செய்ய ஊக்கம் வேண்டும். அந்த ஊக்கத்தையே நோய் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்தவரைப் பிடித்துத் திருடன் என்று ஏசலாமா?

ஏச்சுக்குப் பதில் விசாரிப்பு என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சென்னை, பெங்களூர், டில்லி, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரில் ஒரு பகுதியாருக்கு வழக்கமான வைத்தியம். மறு பகுதியாருக்கு, நிபுணர்களின் யோசனையோடு, தொடர்ந்து விசாரித்துவர ஓர் உதவியாளரும் உண்டு. இரண்டாண்டு சென்று பார்த்தபோது, மனச்சோர்வு பாதிக்குமேல் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றேனும் சீர்ப்பட்டவர்கள் முதல் பகுதியில் நூற்றுக்கு 57 பேர். விசாரிக்கப்பட்ட பகுதியில் 72 பேர்.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. சுங்கை சிப்புட்டில் நம் தெருவிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வெளியே வரக் காணோமென்றால், கதவைத் தட்டி விசாரியுங்கள். கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள். சர்க்கரையின் அளவைக் கேட்கும்போதே மனத்தின் சோர்வையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. துணை நிற்பது நம் வேலை.