கொடைவினைப் பெயர்ப்பும் அறமும்: ‘ஈ, தா, கொடு’ – ஒரு நோக்கு

முன்னுரை

வினைச்சொல் ஒன்றுக்கு வேற்றுமொழியில் நிகர்ச்சொற்கள் பலவாக அமையுமிடத்து, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது அகராதி அறிவால் மட்டும் முடிவதன்று. ‘கிவ்’ என்னும் ஆங்கில வினையை ஜப்பானியத்திலும் தமிழிலும் பெயர்க்குங்கால் எழும் அறச்சிக்கலை அந்தமான் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜப்பானியமும் தொல்காப்பியமும்

ஆங்கில வினை, கொடுப்போர் பெறுவோர்தம் தகுதியையோ கொடையின் திசையையோ சுட்டுவதில்லை. ஜப்பானியத்தில் பேசுவோர் தரப்பிலிருந்து பிறர்க்குச் செல்வது ‘அகெரு’. பிறரிடமிருந்து பேசுவோர் தரப்புக்கு வருவது ‘குரெரு’. உயர்ந்தோர்க்கு அளிப்பது ‘சஷியகெரு’. உயர்ந்தோர் நமக்கு அளிப்பது ‘குதசரு’. தாழ்ந்தோர்க்கும் விலங்கு, செடிகளுக்கும் அளிப்பது ‘யாரு’.

இப்பாகுபாடு தமிழறிஞர்க்குப் புதிதன்று. தருதல் தன்மை, முன்னிலைகளுக்கும் கொடுத்தல் படர்க்கைக்கும் உரியன எனக் கிளவியாக்கம் கூறும். இரத்தற்பொருளில் ‘ஈ’ இழிந்தோன் கூற்று, ‘தா’ ஒப்போன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று என எச்சவியல் வகுக்கும். முன்னிலையார்க்கு அளிப்பதையும் ஜப்பானியம் ‘அகெரு’ என்றே கூறுதல் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடாகும். இவ்வொப்புமை மொழியுறவுக்குச் சான்றாகாது. எனினும், யார் எங்கு நிற்கின்றனர் என்பதை முடிவு செய்யாமல் கொடைவினையைப் பெயர்த்தல் அரிது என்பதை இது உணர்த்துகிறது.

அந்தமானில் ஒரு கொடை

தலைமை ஆணையர் பெராரின் பெயரைத் தாங்கிய பெரார்கஞ்ச் அமைந்துள்ள தெற்கு அந்தமான், 23.3.1942 முதல் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில் பிரதமர் தோஜோ, இத்தீவுகளை ஆசாத் இந்து அரசுக்கு அளிப்பதாக அறிவித்தார். டிசம்பர் இறுதியில் நேதாஜி அங்குச் சென்று கொடியேற்றினார். 1944 பிப்ரவரியில் தமிழரான ஏ. டி. லோகநாதன் ஆணையராகப் பொறுப்பேற்கச் சென்றார். ஆனால் பாதுகாப்பும் காவலும் ஜப்பானியக் கடற்படையிடமே இருந்தன. கொடியேற்றிய ஒரு திங்களில், 30.1.1944 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் ஒற்றர் என்னும் ஐயத்தால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

தீவுகள் ‘கிவன்’ என ஓர் ஆங்கில நூல் குறிப்பின், தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? ‘ஒப்படைத்தனர்’ என்றால் ஆட்சி முழுதும் கைமாறியதாகும். ‘வழங்கினர்’ என்றால் வள்ளன்மை ஏறும். ‘கொடுப்பதாக அறிவித்தனர்’ என்றால் நடந்தது மட்டும் நிற்கும்.

கூற்று என்னும் திறவுகோல்

மூலத்தைத் திருத்துதல் பெயர்ப்பாளர் பணியன்று என்பர். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. தோஜோவின் உரையைப் பெயர்ப்போர் அதன் ஈகைத் தொனியைக் குறைத்தல் கூடாது; அது அவர் கூற்று. வரலாற்றாசிரியரின் சொல்லைப் பெயர்ப்போரும் அவர் கருத்தை மாற்றாது, ஐயத்தை அடிக்குறிப்பில் தரலாம். ஆனால் தம் முன்னுரையிலோ தம் வரலாற்று நூலிலோ ‘வழங்கினர்’ என எழுதும்போது, கொடுத்தோரின் கூற்றைத் தம் கூற்றாக்கிக் கொள்கின்றனர். அங்கே அந்த 44 பேரின் சாவு, பிறர் ஆட்சியில் நேர்ந்ததாகாமல் தம்மவர் ஆட்சியில் நேர்ந்ததாகிவிடுகிறது.

முடிவுரை

சொற்சூழல் என்பது முன்பின் வரும் சொற்கள் மட்டுமன்று. யார் கூற்று என்பதே அதன் முதற்கூறு. தொல்காப்பியர் மூவினைகளையும் பொருளால் மட்டும் பிரிக்காமல் கூற்றால் பிரித்தமை இங்கு நினையத்தக்கது. கொடுத்தோர் கூற்றையும் பெற்றோர் பட்டறிவையும் ஒரே வினையால் மூடிவிடாதிருத்தல் பெயர்ப்பாளரின் கடமை எனலாம்.